ஒன்றிலிருந்து பத்து வரை: இந்திராணி கேட்ட கேள்விகள்

இந்திராணியின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தபோது நான் எரிச்சலில் இருந்தேன். பகல் இரண்டு மணி. காலையிலிருந்து அவருடைய டேப் கணினியிலிருந்து ஒரு பதிவுகூட ஹட்டன் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினேன். "எங்க நிக்கிறியள் இந்திராணி? காலமையில இருந்து ஒண்டும் வந்து சேரேல்லை. கொழும்பில இருந்து என்னைப் போட்டு நெருக்கினம். அங்க என்ன செய்யிறியள்?" மறுமுனையில் ஓர் ஆண் குரல், "சார், நான் அவங்க தம்பி சிவகுமாரு பேசுறேன். அக்கா எறந்துட்டாங்க சார்" என்றது.

சிவகுமார் தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை செய்பவர். அந்தத் தோட்டத்தில்தான் அன்றைக்கு இந்திராணிக்கு வேலை. ஒரு லயத்து வரிசை வீடுகளில் ஆய்வுக் கேள்விகளைக் கேட்டு முடித்துவிட்டு, அடுத்த லயத்துக்குத் தேயிலை மலையின் நடுவே குறுக்குப் பாதையில் நடந்திருக்கிறார். குளவிக் கூடு கலைந்துவிட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். அந்தப் பாதைக்குப் புதிய ஆளான இந்திராணிக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தார்கள். வண்டி இன்னொரு தோட்டத்தில் நிற்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதையே சொன்னார்கள். கடைசியில் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்த டாக்டர் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார். நான் கத்திய நேரத்தில் அவர் இறந்து முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது.

அவரோடு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிய நீங்கள், சக தகவல் சேகரிப்பாளர்கள், ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் சார் என்று கேட்டீர்கள். நல்ல வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. மரண வீட்டில் கொழும்புக்காரர்கள் நிறையவே சொன்னார்கள். அர்ப்பணிப்பு என்றார்கள், இன்முகம் என்றார்கள், ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார்கள். என்னிடம் கேட்டால் நடந்ததைத்தான் எழுத முடியும். வாசித்த பிறகு மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் பாடு.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், அவர் வேலை செய்வதை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு தொலைபேசிக் கம்பனிக்காக வாடிக்கையாளர் திருப்தியை அளந்துகொண்டிருந்தோம். வினாக்கொத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவன் நான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்து, ஹட்டனுக்குக் கள முகாமையாளராக வந்தவனுக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஏழு விடை. மிகவும் திருப்தி, திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தியுமில்லை அதிருப்தியுமில்லை, ஓரளவு அதிருப்தி, அதிருப்தி, மிகவும் அதிருப்தி. எழுதி முடித்தபோது என் தமிழை நானே மெச்சிக்கொண்டேன்.

மலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு பெண், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு நின்றபடி இந்த ஏழையும் கேட்டார். "மொதல்ல சொன்னது மறந்துபோச்சும்மா, திரும்பச் சொல்லுங்க" என்றார். இந்திராணி திரும்ப வாசித்தார். மூன்றாம் தடவையும் வாசித்தார். "ஒங்களுக்கு எது சரியோ அதையே போட்டுக்கிங்கம்மா. நான் வெறகு பெறக்கப் போகணும்" என்றார் அந்தப் பெண். இந்திராணி தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அக்கா, ஒங்க போன்ல சிக்னல் கெடைக்குதா?" "கோயில் மேட்டுல ஏறினா கெடைக்கும்." "மழை பேஞ்சா?" "மேட்டுலயும் கெடைக்காது." "அப்ப அந்தக் கம்பனிக்காரன் நல்லவனா, கெட்டவனா?" அந்தப் பெண் சிரித்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். எழுத முடியாத வார்த்தை.

பஸ்ஸுக்கு நின்றபோது நான் பிடித்துக்கொண்டேன். ஏழு விடை இருந்தால் ஏழையும் வாசிக்க வேண்டும், ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டால் ஒப்பிட முடியாது என்று பிரசங்கம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "ஏழு படி கட்டி வச்சிருக்கீங்க சார், நல்லாத்தான் இருக்கு. ஏறி எறங்க அவங்களுக்கு நேரமில்லையே" என்றார். ஓரளவு திருப்திக்கும் ஓரளவு அதிருப்திக்கும் என்ன வித்தியாசம் என்றும் கேட்டார். நுவரெலியா பஸ் வரும்வரை விளக்கினேன். பஸ்ஸில் ஏறும்போது அவர் திரும்பிப் பார்த்து, "வீட்டுல சோறு எப்படின்னு கேட்டா, ஓரளவு அதிருப்தின்னா சார் சொல்லுவீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய குறிப்பில், இந்த ஆளுக்கு மேலும் பயிற்சி தேவை என்று எழுதினேன்.

பயிற்சி எனக்குத்தான் தேவைப்பட்டது. தேத்தண்ணி விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த லயத்து வீட்டுக்குப் போனாலும் நாம் உட்கார்ந்த கையோடு அடுப்பில் தண்ணீர் வைப்பார்கள். நாம் அதைக் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துவிட்டு, சாவகாசமாகக் கேள்விகளை ஆரம்பிப்போம். இந்திராணி மட்டும் தண்ணீர் கொதிப்பதற்குள் முக்கியமான கேள்வியைக் கேட்டுவிடுவார். என்ன அவசரம் என்று ஒருநாள் கேட்டேன். "கோப்பை கைக்கு வந்துட்டா நாம விருந்தாளி சார். விருந்தாளிகிட்ட யாராச்சும் கொறை சொல்லுவாங்களா? நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க" என்றார். நாலு வருடப் பல்கலைக்கழகப் படிப்பில் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவருக்குத் தெரிந்தது, லயத்தில் பிறந்தவர் என்பதால் மட்டுமல்ல. அவர் சொல்பவரின் முகத்தைப் பார்த்தார். நாங்கள் தாளைப் பார்த்தோம்.

பிறகு ஏழு சொற்கள் போய், ஒன்றிலிருந்து பத்து வரை இலக்கங்கள் வந்தன. இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், நீளமான அளவுகோலில் நுணுக்கமான வித்தியாசமும் தெரியும் என்றது கொழும்பு. நானும் தலையாட்டினேன். முதல் மாதமே வினை வந்தது. இந்திராணி கொண்டுவந்த தாள்களில், ஒரு லயத்தின் பன்னிரண்டு வீடும் எல்லாக் கேள்விக்கும் ஏழு என்றே சொல்லியிருந்தன. நான் அவரை அலுவலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்து, "உண்மையைச் சொல்லுங்கோ. இது வீட்டில இருந்து நிரப்பினதுதானே?" என்று கேட்டேன். உங்களில் இரண்டு மூன்று பேர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள். அவர் முகம் சிவந்தது. அழவில்லை. "நீங்களே போய்க் கேட்டுப் பாருங்க சார். அது வரைக்கும் நான் பீல்டுக்குப் போகல" என்றார்.

அடுத்த நாள் நானே போனேன். முதல் வீட்டில் ஏழு. இரண்டாவது வீட்டில் ஏழு. நாலாவது வீட்டில் இருந்தவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பதில் சொல்வதற்கு முன் என்னைத் திருப்பிக் கேட்டார். "சங்கத் தலைவர் வீட்டுல எவ்வளவுங்க சொன்னாங்க?" அதைச் சொல்லக் கூடாது என்றேன். "ஏழுதானே? அப்ப நமக்கும் ஏழுதான் போடுங்க. நம்பர் கேட்டா லயத்துக்கு ஒரே நம்பருதான். ஒருத்தன் மூணு, ஒருத்தன் ஒம்பதுன்னு சொன்னா, மூணு சொன்னவன் யாருன்னு தோட்ட ஆபீசுல தேடுவாங்க. எல்லாரும் ஏழுன்னா யாரைத் தேடுவாங்க?" அது ஏன் ஏழு, பத்தாக இருக்கக் கூடாதா என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பத்துன்னா இனிமே ஒண்ணும் வேணாம்னு அர்த்தமுங்க. அஞ்சுன்னா அரைப்பேரு. அதான் ஏழு."

அரைப்பேர் என்றால் மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து எனக்குத்தான் தேவைப்பட்டது. பறித்த கொழுந்து தோட்டத்துத் துரைமார் வைத்த இலக்கைத் தொடாவிட்டால், முழு நாளும் மலையில் நின்றவருக்கும் அரை நாள் வேலை செய்ததாகத்தான் பதிவார்கள். தலைமுறை தலைமுறையாக, கேட்டவரிடம் ஓர் இலக்கத்தைச் சொன்னால் அது தன் மீதே திரும்பி வரும் என்று கற்றவர்களிடம் போய், பத்துக்கு எத்தனை என்று நாங்கள் கேட்டிருக்கிறோம். இவர்கள் எங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். தாங்கள் மாட்டிக்கொள்ளாத இலக்கம் எது என்று அவர்கள் யோசித்தார்கள்.

திரும்பி வந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்திராணியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, நாளைக்கு வேலைக்கு வாங்கோ" என்றேன். அந்தப் பன்னிரண்டு வீட்டையும், விடைகளில் வேறுபாடு இல்லை என்று குறிப்பெழுதித் தரவிலிருந்து தூக்கி எறிந்தேன். அவர் அதைப் பற்றி ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நடுவில் ஒரு வருடம், படிக்காதவர்களுக்கு உதவும் என்று, சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை ஐந்து முகங்கள் வரைந்த அட்டைகளை அனுப்பினார்கள். தபால் சேவையைப் பற்றிக் கேட்டபோது ஒரு தாய் அழுகிற முகத்தைத் தொட்டார். தபால் சரியில்லையா என்றோம். "தபாலெல்லாம் ஒழுங்காத்தான் வருது. எம் மகன் கொழும்புல கடையில நிக்கிறான், தீபாவளிக்கும் வரல்லியே" என்றார். உங்கள் முகம் எது என்று நாங்கள் கேட்பதாக நினைத்துவிட்டார். படிக்காதவர் என்று நாங்கள் சொன்னவர் சரியாகத்தான் பதில் சொன்னார். அட்டை இரண்டு மாதத்தில் நின்றுபோனது.

இத்தனைக்கும் நடுவே இந்திராணி தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். அதை என்னிடம் காட்டவே நாலு வருடம் எடுத்தார். முதலில், கடைசியாக எப்போது போனீர்கள், என்ன நடந்தது என்று கேட்பது. பிறகு, நல்லதா, நல்லதில்லையா? பதில் வந்ததும், கொஞ்சமா, ரொம்பவா? அவ்வளவுதான். இரண்டு சின்னக் கேள்வி, நாலே நாலு விடை. நடு விடை இல்லையே, நடுவில் நிற்பவர் எங்கே போவார் என்று நான் சட்டம் பேசினேன். "ரெண்டும் இல்லன்னு அவங்களாச் சொன்னா எழுதிக்குவோம் சார். நாமளா ஏன் எடம் காட்டிக் குடுக்கணும்?" என்றார். இன்னொன்றும் சொன்னார், அதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "அளவுகோலை நீட்டினா உண்மை நீளாது சார். ஒளிஞ்சுக்கத்தான் எடம் கூடும்."

போன வருடம் அம்புலன்ஸ் ஆய்வு வந்தது. பெயர் வேண்டாம், ஒரு நிறுவனம் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இரண்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. மக்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று வருடாவருடம் பத்துக்குப் புள்ளி கேட்டு எங்களிடம் அறிக்கை வாங்கும். இந்திராணி என் மேசைக்கு வந்தார். "சார், மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். இது உசிரு விசயம். ஒரு தோட்டத்துல மட்டும் ரெண்டு விதமாவும் கேட்போம். அவங்க பத்துலயும் கேக்கிறேன், என் ரெண்டு கேள்வியையும் கேக்கிறேன்." அவருடைய நச்சரிப்பு ஓய்ந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் கொண்டுவந்ததை இரண்டு தடவை வாசித்தேன். பத்துக்கு ஏழு, ஒன்பது என்று சொன்ன அதே வாய்கள், கால் மணி நேரம் கழித்து, நல்லதில்லை, ரொம்பவே என்றிருந்தன. நாத்தனாரின் பிரசவத்துக்கு வண்டியை அழைத்த ஒரு பெண் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். கீழே அவர் சொன்னதை இந்திராணி அப்படியே எழுதியிருந்தார். "வண்டி வந்திச்சு. புள்ள பொறந்த பொறகு வந்திச்சு." பிறகு ஏன் ஒன்பது? "வந்திச்சே."

அதையெல்லாம் தொகுத்து, அறிக்கையின் பின்னிணைப்பாக இரண்டு பக்கம் எழுதினேன். இந்திராணியின் பெயரையும் போட்டேன். கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. போன வருடத்தோடு ஒப்பிட முடியாத எதையும் போட வேண்டாம், இரண்டு அளவுகோலைக் கண்டால் ஆய்வுக்குப் பணம் தரும் வாடிக்கையாளர் குழம்பிப்போவார், அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வழிவிட வேண்டுமே என்று இப்போது நான் கொழும்பைப் பூசாரியாக்கிவிட்டுத் தப்பிக்கலாம். தப்பிக்க மாட்டேன். மறுத்துப் பேச என்னிடம் நியாயம் இருந்தது. ஒப்பிட முடிகிறது என்பதற்காகப் பிழையான அளவுகோலை வைத்திருக்கக் கூடாது என்பது நான் முதலாம் வருடத்தில் படித்த பாடம். ஓய்வு பெற எனக்கு இன்னும் மூன்று வருட வேலை மிச்சம் இருந்தது. இரண்டு பக்கத்தையும் நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அறிக்கையின் முகப்பில், மக்கள் மிகுந்த திருப்தியோடு இருக்கிறார்கள் என்று வந்தது. போன வருடத்தைவிடக் கூட. இப்படித் திருப்தியான இடத்துக்கு இரண்டு வண்டி எதற்கு என்று அந்த நிறுவனம் யோசித்தது. ஒன்றை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டது.

இந்திராணிக்கு அந்தச் செய்தி தம்பி மூலம் போயிருக்கிறது. மறுநாள் காலையில் அலுவலகத்துக்கு வந்து என் மேசை முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அந்த ரெண்டு பக்கத்தை அனுப்புனீங்களா சார், அனுப்பலையா?" நான் ஒப்பீட்டைப் பற்றிச் சொன்னேன், வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பைப் பற்றிச் சொன்னேன், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார். "ஆமாவா இல்லையான்னு கேட்டா, நீங்களும் பத்துக்குள்ளதான் சார் ஒளிஞ்சுக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் டேப்பை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னைக் கடிந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

இந்த வருடமும் அதே ஆய்வு வந்தது. அதே பத்து. தலவாக்கலைத் தோட்டங்களை அவருக்கு ஒதுக்கினேன். எதுவும் பேசாமல் வாங்கிக்கொண்டார். அந்த அம்புலன்ஸ் எப்படி ஓடுகிறது என்று கேட்பதற்காகப் போன இடத்தில்தான் அவரைக் குளவி கொட்டியது. அந்த அம்புலன்ஸுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

மரண வீடு சிவகுமாரின் லயத்தில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த மலர்வளையத்தில் எங்கள் நிறுவனத்தின் பெயர் பெரிதாகவும் இந்திராணியின் பெயர் சிறிதாகவும் இருந்தது. சிவகுமாரின் இரண்டு கையும் கொட்டு வாங்கி வீங்கியிருந்தன. அக்காவைக் கம்பளியில் கிடத்தி, நாலு மூலையை நாலு பேர் பிடித்து, றோட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். முன்பக்கம் பிடித்தவர் அவர். "பாதி வழி வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாங்க சார். தண்ணி கேட்டாங்க. றோட்டுல வச்சுட்டு வண்டி வருது வருதுன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். அப்பவே லொறியில ஏத்தியிருக்கணும்." அதைச் சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு நாற்காலி போடப் போனார். நான் அவரிடம் அந்த இரண்டு பக்கத்தைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். நாற்காலிகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் அந்த இரண்டு பக்கத்தையும் கொழும்புக்கு அனுப்பினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அடுத்த சுற்றில் கவனத்தில் எடுக்கிறோம் என்று ஒரு வாரத்தில் மரியாதையாகப் பதில் வந்தது. கூடவே, தலவாக்கலைப் பட்டியலில் அவர் விட்டுப்போனதை மற்றவர்கள் முடித்த பிறகும் ஒரு வீடு மிச்சம் இருக்கிறது, முடித்துத் தரவும் என்றும் இருந்தது.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மிச்சமிருந்த வீட்டுக்கு நேரே இந்திராணி குறிப்பு எழுதியிருந்தார். "தம்பி வீடு. நான் கேட்கக் கூடாது. வேறு ஆள் போக வேண்டும்." சொந்தக்காரரை நேர்காணக் கூடாது என்ற விதியை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். உங்களில் ஒருவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் நானே போனேன்.

சிவகுமார் என்னைக் கண்டதும் எழுந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம் என்பதையும் சொன்னேன். "அக்கா பாக்கி வச்ச வேலைதானே சார், கேளுங்க" என்றார். அவருடைய மனைவி உள்ளே இருந்து வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். வயிறு நன்றாகத் தெரிந்தது. டேப்பைத் திறந்தேன். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வீட்டார் எவராவது இந்த அம்புலன்ஸ் சேவையைப் பயன்படுத்தினார்களா? "கூப்பிட்டோம்" என்றார். கூப்பிட்டோம் என்பதற்கு எங்கள் வினாக்கொத்தில் இடம் இல்லை. ஆம் என்று போட்டேன். அடுத்தது, ஒன்றிலிருந்து பத்து வரை.

"எட்டுன்னு போடுங்க சார்."

"சிவகுமார், என்ன சொல்லுறீர்? உம்மட அக்காவுக்கு நடந்ததைப் பார்த்துப்போட்டு எட்டோ? உள்ளதைச் சொல்லும். ஒருத்தருக்கும் உம்மட பேர் போகாது."

அவர் கோபப்படவில்லை. "உள்ளதைச் சொன்னா என்ன சார் நடக்கும்? ஒண்ணுன்னு சொன்னா, சேவை சரியில்லன்னு இருக்கிற ஒரு வண்டியையும் நிப்பாட்டிருவாங்க. பத்துன்னு சொன்னா, இவங்களுக்குப் போதும்னு எடுத்துட்டுப் போவாங்க. போன வருசம் அதானே நடந்திச்சு? இவளுக்கு ஏழு மாசம். இன்னும் ரெண்டு மாசத்துல நான் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடணும்." என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க. எத்தனை போட்டா வண்டி வரும்னு நீங்களே சொல்லுங்க, அதையே போட்டுருவோம்."

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நான் சொன்னால் நம்பியிருப்பார். அவருடைய மனைவியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அளவுகோல்களைப் படித்து, மொழிபெயர்த்து, நீட்டிச் சுருக்கி, அதிலேயே சோறு தின்றவன் நான். இலக்கம் போடாமல் விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். இலக்கம் இல்லாமல் டேப் அடுத்த கேள்விக்குப் போகாது.

எட்டைத்தான் போட்டேன்.

இந்திராணியின் நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று மலரின் கடைசியில் எல்லோரும் ஒரு வரி எழுத வேண்டுமாம். நான் வைத்திருப்பது இது. அவரைக் கம்பளியில் சுமந்து இறங்கியவர் எட்டு என்றார். கடைசியில் நான் அதையே எழுதிக்கொண்டேன். இந்த வருட அறிக்கையிலும் மக்கள் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள். கீழே என் கையெழுத்து இருக்கிறது.